காத்திருக்கத் தெரிந்த சேர்வர்கள்: சின்ன மெஷின்களின் கதை

எங்கள் குழுவிடம் ஒரு பழைய லப்டொப் கிடந்தது. பற்றரி செத்து, திரையில் ஒரு கோடு விழுந்து, விற்கப் போனாலும் ஒருத்தரும் வாங்காத ஒன்று. ஸ்கான் பண்ணி வைத்திருந்த பழைய சஞ்சிகைகளை அதில் போட்டு, விடுதி வைஃபையில் யாரும் போனில் திறந்து வாசிக்கிற மாதிரிச் செய்தால் என்ன என்று யோசித்தோம். அதற்கு ஒரு வெப் சேர்வர் வேண்டும். வெப் சேர்வர் என்றதும் ஏசி அறைக்குள் இரைந்துகொண்டிருக்கும் பெரிய பெட்டியை நினைக்க வேண்டாம். யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் அதை எடுத்து அனுப்புகிற மென்பொருள், அவ்வளவுதான்.

"எது ஆகக் கூடின வேகம்?" என்றுதான் முதலில் தேடினோம். வந்ததெல்லாம் ஒப்பீட்டு வரைபுகள். ஒன்றில் முதலாவதாக நிற்கும் சேர்வர் இன்னொன்றில் கடைசியில் நிற்கிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது: இரண்டு ஆதாரங்கள் முரண்பட்டால், யார் எழுதினது, எப்ப எழுதினது, என்ன தேவைக்கு எழுதினது என்று கேட்போம். இந்த வரைபுகளிடமும் அதையே கேட்டுப் பார்த்தோம். அப்படிக் கேட்டுக்கொண்டு போனதில் ஒரு முப்பது வருசக் கதை கிடைத்தது. வேகமான மெஷின்களின் கதை என்று நினைத்துத்தான் உள்ளே போனோம். ஆனால் அது மெதுவான வாசகர்களின் கதையாக இருந்தது.

ஒரு ஆளுக்கு ஒரு வெயிற்றர்

1990ஆம் ஆண்டின் இறுதியில், சுவிற்சர்லாந்தின் சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகின் முதல் வெப் சேர்வர் ஓடியது ஒரு நெக்ஸ்ட் கணினியில். மேசையில் வைத்து வேலை செய்கிற கணினி அது. இது சேர்வர், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள் என்ற பொருளில் சிவப்பு மையால் எழுதி ஒட்டிய ஒரு துண்டு அதில் இருந்தது. ஆக, இணையத்தளங்களின் வரலாறே ஒருத்தரின் மேசைக் கணினியில்தான் தொடங்குகிறது.

1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், என்சிஎஸ்ஏ நிலையத்தில் ரொப் மெக்கூல் இன்னொரு சேர்வரை எழுதினார். அது வேகமாகப் பரவியது. 1994இல் அவர் அங்கிருந்து போய்விட, அந்த மென்பொருளைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. அதைப் பாவித்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கொரு திருத்தம் செய்து, மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டார்கள். 1995இன் தொடக்கத்தில் அவர்களில் எட்டுப் பேர் சேர்ந்து அந்தத் திருத்தங்களை ஒன்றாக்கினார்கள். அதுதான் அப்பாச்சி. ஏப்ரலில் முதல் பொது வெளியீடு வந்தது. அடுத்த வருசமே உலகில் அதிகம் பாவிக்கப்படும் சேர்வர் அதுவாகிவிட்டது.

அப்பாச்சி வேலை செய்த விதத்தை ஒரு சாப்பாட்டுக்கடையை வைத்துச் சொல்லலாம். ஒரு ஆள் உள்ளே வந்தால் அவருக்கென்று ஒரு வெயிற்றர். அந்த ஆள் சாப்பிட்டு முடித்து எழும்பும் வரை அந்த வெயிற்றர் வேறு மேசைக்குப் போக மாட்டார். பக்கத்திலேயே நிற்பார். அப்பாச்சி தன்னைப் போலவே சில பிரதிகளை உருவாக்கி வைத்திருக்கும். வருகிற ஒவ்வொரு இணைப்பையும் ஒரு பிரதி பொறுப்பெடுக்கும். எழுதுவதற்கு எளிது, ஒரு பிரதி விழுந்தாலும் மற்றவை ஓடும், பிழை கண்டுபிடிப்பதும் சுலபம். அந்தக் காலத்துக்கு அது நல்ல முடிவுதான்.

சிக்கல் எங்கே என்றால், சாப்பிடுகிறவர் எவ்வளவு நேரம் எடுப்பார் என்பதில். 50 கிலோபைட் அளவுள்ள ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். 100 மெகாபிட் வயரில் அது போய்ச்சேர 4 மில்லிசெக்கன் போதும். அதே பக்கம் அன்றைய 56 கிலோபிட் மோடத்துக்குப் போக, எல்லாம் சரியாக நடந்தாலும், 7 செக்கனுக்கு மேல். சேர்வர் செய்ய வேண்டிய வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் மோடம்காரருக்காக ஒரு முழுப் பிரதி 7 செக்கன் சும்மா நிற்கிறது. அதோடு முடியவில்லை. அடுத்த பக்கத்தையும் கேட்பாரோ என்று இணைப்பை வெட்டாமல் வைத்திருக்கும் வசதியும் இருந்தது. அப்பாச்சி 1.3இல் அதற்கான இயல்பான காலம் 15 செக்கன். வாசகர் பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பார். வெயிற்றர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

சும்மா நிற்பதற்கும் ரேம் வேண்டும். ஒரு கணக்குக்கு, ஒரு பிரதி 5 மெகாபைட் எடுக்கிறது என்று வைத்தால், 128 மெகாபைட் உள்ள மெஷினில் 25 பேர் வந்தாலே கடை நிறைந்துவிடும். அதற்கு மேல் வந்தால் மெஷின் வன்தட்டை ரேம் மாதிரிப் பாவிக்கத் தொடங்கும், எல்லாமே நகராமல் நின்றுவிடும். பிஎச்பி போன்ற மொழிகளை அப்பாச்சிக்குள்ளேயே பொருத்தியபோது நிலைமை இன்னும் மோசமானது. ஒரு சின்னப் படத்தை அனுப்ப நிற்கும் பிரதியும் முழு பிஎச்பியைத் தலையில் சுமந்துகொண்டே நின்றது.

தனி ஆளாக ஓடிய குட்டிகள்

வேறு மாதிரியும் செய்யலாம். எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடையில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். ஒருத்தருக்கு பிளேன்டீ வைத்துவிட்டு, அது ஆறுவதற்குள் அடுத்தவருக்கு வடை எடுத்துக் கொடுத்து, மூன்றாவது ஆளிடம் மிச்சக் காசும் கொடுப்பார். ஒருத்தருக்காகவும் நிற்பதில்லை. யாருக்கு இப்போது ஏதாவது வேண்டுமோ அங்கே போவார்.

இந்த முறையில் எழுதப்பட்ட சேர்வர்கள் 90களிலேயே இருந்தன. ஜெப் பொஸ்கான்சர் எழுதிய டிஎச்டிடிபிடி அதில் ஒன்று. போல் பிலிப்ஸ் தொடங்கி, லாரி டூலிட்டிலும் ஜோன் நெல்சனும் வளர்த்த போவா இன்னொன்று. இரண்டுமே பிரதிகள் எடுக்காமல், ஒரே செயலாக ஓடி, எல்லா இணைப்புகளையும் மாறி மாறிக் கவனித்தன. சிலாஷ்டொட் என்ற பிரபல தளம், படங்களை அனுப்பும் வேலையை போவாவிடம் கொடுத்திருந்தது.

பொஸ்கான்சரிடம் எங்களுக்குப் பிடித்த விசயம், அவர் தன் சேர்வரைப் புகழ்வதோடு நிற்கவில்லை. வேறு சேர்வர்களையும் சேர்த்து அளந்தார். அளப்பதற்கு எச்டிடிபி லோட் என்று ஒரு சின்னக் கருவியும் எழுதினார். அதில் ஒரு தெரிவு இருக்கிறது: சோதனைக்காக வரும் போலி வாசகர்களை 33.6 கிலோபிட் மோடம் வேகத்துக்கு மெதுவாக்கிவிடும். பெரும்பாலான சோதனைகள் பக்கத்து மேசையிலிருந்து வேகமான வயரில் நடந்த காலத்தில், உண்மையான வாசகர் மெதுவானவர் என்பதைக் கருவிக்குள்ளேயே ஒருத்தர் வைத்தது சின்ன விசயம் இல்லை.

இன்னொரு நேர்மையும் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பிரதி எடுக்கும் பழைய முறை எவ்வளவு மோசம் என்று பார்க்க, மினி எச்டிடிபிடி என்ற ஒன்றை எழுதினார். அளந்து பார்த்தால், பிரீபிஎஸ்டி 3.2இல் அது அப்பாச்சியின் வேகத்தில் ஏறத்தாழ 90 வீதம் ஓடியது. எதிர்பார்த்த அளவுக்கு மோசமில்லை என்று அவரே எழுதி வைத்தார். பழையது என்பதால் உதவாது என்று முடிவெடுக்க முதல் அளந்து பார்க்க வேண்டும் என்பது இதில் கிடைக்கிற பாடம்.

1999: யாருடைய மெஷின், யாருடைய காசு

1999 ஏப்ரலில் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது. வின்டோஸ் என்டி 4.0இல் ஓடும் மைக்ரோசொப்ட் சேர்வர், லினக்ஸில் ஓடும் அப்பாச்சியை விட 3.7 மடங்கு வேகம் என்றது அது. சோதனைக்குக் காசு கொடுத்தது மைக்ரோசொப்ட். லினக்ஸ்காரர்கள் கொதித்துப்போனார்கள். லினக்ஸைச் சரியாக அமைக்கவில்லை என்று குற்றம் சாட்டினார்கள். சில மாதங்களில், அவர்களின் பங்கேற்போடு மறுபடி சோதனை நடந்தது. அப்போதும் என்டிதான் முன்னுக்கு நின்றது.

இந்தச் சம்பவத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம், இரண்டும் சரி. காசு கொடுத்தவர் யார் என்று கேட்டது நியாயம். அதேநேரம், காசு யாருடையதாக இருந்தாலும் அளவீடு காட்டிய குறை உண்மையானது. லினக்ஸ் கேர்னலை எழுதியவர்கள் கோபம் தணிந்ததும் அந்தக் குறைகளைத் தேடித் திருத்தினார்கள். 2000இல் இங்கோ மொல்னார் எழுதிய டக்ஸ், கேர்னலுக்குள்ளேயே ஓடுகிற ஒரு சேர்வராக வந்தது.

ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தச் சோதனை நடந்த மெஷினில் 4 ப்ரொசெசர்கள், 4 வலையமைப்பு அட்டைகள். நாலு வயரையும் நிரப்பும் அளவுக்கு மாறாத பக்கங்களை அனுப்பும் தேவை அன்று எத்தனை பேருக்கு இருந்தது? ஒரு பழைய 486இல் கழகத் தளம் நடத்தின ஆளுக்கு 3.7 மடங்கு என்ற எண் எதையுமே சொல்லவில்லை. ஒப்பீடு பொய் சொல்லவில்லை. வேறு யாருடையதோ கேள்விக்குப் பதில் சொன்னது.

பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில்

அதே 1999இல் டான் கேகல் என்ற புரோகிராமர் அந்தக் கேள்வியை வேறு பக்கமிருந்து கேட்டார். ஒரு சாதாரண மெஷின் ஒரே நேரத்தில் 10,000 பேரைக் கவனிக்க முடியாதா? சி10கே பிரச்சினை என்று இதற்குப் பேர் வந்தது. அவருடைய கணக்கு எளிமையானது. 1,200 டொலர் அளவில் 1,000 மெகாஹேர்ட்ஸ் ப்ரொசெசரும் 2 கிகாபைட் ரேமும் உள்ள மெஷின் வாங்கலாம். 20,000 பேருக்குப் பிரித்தாலும் ஆளுக்கு 100 கிலோபைட் ரேம் வருகிறது. ஒரு பக்கத்தை அனுப்ப அது போதாதா? ஆகவே குறை வன்பொருளில் இல்லை, மென்பொருள் எழுதும் விதத்தில் என்றார்.

தேத்தண்ணிக் கடை முறையிலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. பழைய முறையில், யாருக்கு என்ன வேண்டும் என்று அறிய ஒவ்வொரு முறையும் எல்லா மேசையையும் சுற்றிவர வேண்டும். 20 மேசை என்றால் பரவாயில்லை. 10,000 மேசை என்றால் சுற்றுவதிலேயே நாள் போய்விடும். 2000இல் பிரீபிஎஸ்டியில் வந்த கேகியூவும், பிறகு லினக்ஸ் 2.6இல் எல்லோருக்கும் கிடைத்த ஈபோலும் இதைத் தீர்த்தன. கை தூக்கியவர்களின் பட்டியலை மட்டும் இயங்குதளமே எடுத்துக் கொடுத்துவிடும்.

அதன் பிறகு இரண்டு பேர் வருகிறார்கள். ஜேர்மனியில் யான் க்னெஷ்கெ, சி10கேயைத் தீர்க்க முடியும் என்று காட்டவே 2003இல் லைட்டியை எழுதினார். யூடியூப் தன் தொடக்க காலத்தில் வீடியோக்களை அனுப்ப அதைப் பாவித்தது. ரஷ்யாவில் ரம்ப்ளர் நிறுவனத்தில் சிஸ்டம் நிர்வாகியாக இருந்த இகோர் சிசோயெவ் 2002இல் தொடங்கி, 2004 ஒக்டோபரில் எஞ்சின்-எக்ஸை வெளியிட்டார். சும்மா திறந்திருக்கும் 10,000 இணைப்புகளுக்கு ஏறத்தாழ 2.5 மெகாபைட் ரேம் போதும் என்று எஞ்சின்-எக்ஸின் ஆவணம் சொல்கிறது. ஆளுக்கு 250 பைட். நாங்கள் முன்னே போட்ட கணக்கில் ஒருத்தர் காத்திருக்கவே 5 மெகாபைட் போனது.

2019இல் எஃப்5 நிறுவனம் 67 கோடி டொலருக்கு எஞ்சின்-எக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. அதே வருச டிசம்பரில், இந்த மென்பொருள் எங்களுடையது என்று ரம்ப்ளர் உரிமை கேட்க, மொஸ்கோ அலுவலகத்தில் பொலிஸ் தேடுதல் நடத்தியது. சிக்கனமாக வேலை செய்யும் மென்பொருளுக்கு அவ்வளவு விலை.

தேவாங்கு வந்த கதை

காத்திருப்பதுதான் உண்மையான செலவு என்பதை நம்பாதவர்களுக்கு 2009 ஜூனில் ஒரு செயல்முறை விளக்கம் கிடைத்தது. ஸ்லோலோரிஸ் என்ற ஒரு சின்னப் புரோகிராம் வெளியானது. எங்கட காடுகளில் இருக்கிற தேவாங்கின் உறவு விலங்கு ஒன்றின் பேர் அது. அந்த விலங்கைப் போலவே அதன் வேலையும் மெதுவாக நடப்பதுதான். சேர்வரிடம் நிறைய இணைப்புகளைத் திறக்கும். வேண்டுகோளை முழுதாகச் சொல்லாமல் இடைக்கிடை ஒரு வரி, ஒரு வரி என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுக்கடையில் எல்லா மேசையிலும் உட்கார்ந்துகொண்டு, "ம்ம்... எனக்கு வந்து..." என்று இழுத்துக்கொண்டிருப்பது மாதிரி.

ஒரே ஒரு சாதாரணக் கணினியால் அன்றைய ஒரு அப்பாச்சித் தளத்தை முடக்க அது போதுமானதாக இருந்தது. எல்லா வெயிற்றர்களும் நின்றுகொண்டே இருப்பார்கள், புதிதாக வருகிறவருக்கு ஆளில்லை. எஞ்சின்-எக்ஸும் லைட்டியும் இதற்கு அப்படி விழவில்லை. அவற்றுக்குக் காத்திருக்கிற ஆள் ஒரு பெரிய பாரமே இல்லை. ஈரானில் அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகு அரச தளங்களுக்கு எதிராக இது பாவிக்கப்பட்டது.

அப்பாச்சியும் சும்மா இருக்கவில்லை. 2012இல் வந்த 2.4 பதிப்பில், சும்மா திறந்திருக்கும் இணைப்புகளை ஒரு ஆளே கவனிக்கும் புதிய முறை முழுமையாகப் பாவனைக்கு வந்தது. "அப்பாச்சி பாரம்" என்று இன்றும் பகிரப்படும் பழைய வரைபுகளில் பல, பழைய முறையில் ஓடிய அப்பாச்சியை அளந்தவை. திகதி பார்க்காமல் ஆதாரம் காட்டினால் வரலாற்றுப் பாடத்தில் புள்ளி போகும். இங்கேயும் அப்படித்தான்.

35 டொலர் பலகை

2012 பெப்ரவரி 29இல் ராஸ்பெரி பை விற்பனைக்கு வந்தது. 700 மெகாஹேர்ட்ஸ் ப்ரொசெசர், 256 மெகாபைட் ரேம், விலை 35 டொலர். பெரிய தளங்களின் நெரிசலுக்காகப் பழகிய சிக்கனம், திரும்பவும் சின்ன மெஷினுக்கு வந்து சேர்ந்தது.

அப்படியான பலகையில் எந்த சேர்வர் வேகம்? எதை அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. 10 மெகாபைட் பிடிஎஃப் என்றால், சேர்வருக்கு முதல் வயரும் எஸ்டி கார்டும் முட்டும். 100 மெகாபிட் என்பது செக்கனுக்கு 12 மெகாபைட் சொச்சம்தான், அந்தப் பலகையில் அதுவும் ஒரு யூஎஸ்பி பாதை வழியாகவே போனது. எந்த சேர்வரைப் போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வேர்ட்பிரஸ் மாதிரி ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகச் சமைக்கிற தளம் என்றால், நேரம் முழுக்கப் பிஎச்பியிலும் தரவுத்தளத்திலும் போகும். சேர்வரை மாற்றுவது, சமையல் பிந்துகிற கடையில் வெயிற்றரை மாற்றுவது போல. சின்னச் சின்னக் கோப்புகள், நிறையப் பேர், மெதுவான இணைப்பு என்றால்தான் லைட்டியும் எஞ்சின்-எக்ஸும் தங்களைக் காட்டும்.

ஆனால் சிறியது என்பதற்காகவே ஒன்றைத் தெரிவு செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. போவாவின் வளர்ச்சி 2005இல் நின்றுபோனது. ஆனால் அது சிறியது என்பதால் ரவுட்டர், கமரா செய்கிறவர்களின் மென்பொருள் பொதிகளுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. 2022 நவம்பரில் மைக்ரோசொப்ட் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது: ஒரே வாரத்தில் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட போவா சேர்வர்கள் இணையத்தில் திறந்தபடி தெரிந்தன. இந்திய மின்சாரத் துறையைக் குறிவைத்த தாக்குதல்களோடும் அவற்றுக்குத் தொடர்பு இருப்பதாக அது சொன்னது. பாரம் குறைந்தது என்பதோடு, இன்றும் யாராவது பராமரிக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் லப்டொப்

கடைசியில் நாங்கள் எஞ்சின்-எக்ஸைப் போட்டோம். ஆகக் கூடின வேகம் என்று எந்த வரைபும் சொன்னதற்காக அல்ல. இன்றும் பராமரிக்கப்படுகிறது, எங்கள் சஞ்சிகைகள் மாறாத கோப்புகள், விடுதியில் வைஃபை மெதுவானது. இந்த மூன்றும்தான் காரணம். அளந்தும் பார்த்தோம். சோதிக்கிற புரோகிராமை அதே லப்டொப்பில் ஓட்டாமல் வேறு கணினியில் ஓட்டினோம், இல்லாட்டி இரண்டும் ஒரே ப்ரொசெசருக்கு அடிபடும். சராசரி நேரத்தை விட, கடைசியாகப் பக்கம் கிடைத்த ஆள் எவ்வளவு காத்திருந்தார் என்று பார்த்தோம். ரேம் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தோம். பிறகு, விடுதியின் கடைசி அறையில் பழைய போன் வைத்திருக்கும் நண்பியிடம் கொடுத்துத் திறக்கச் சொன்னோம். அதுதான் எங்களுக்கு முக்கியமான சோதனை.

2018இலிருந்து பார்சலோனாவில் லோ-டெக் மகசின் என்ற சஞ்சிகை, ஒரு சின்னப் பலகையிலும் சூரியப் படலிலும் தன் தளத்தை நடத்துகிறது. அதிலும் எஞ்சின்-எக்ஸ்தான். பலகைக்கு வேண்டிய மின்சாரம் 1 வொட்டுக்கும் 2.5 வொட்டுக்கும் இடையில். தொடர்ந்து மழை இருட்டு என்றால் தளம் நின்றுவிடும், வெயில் வந்ததும் எழும்பும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த எங்களுக்கு இது விசித்திரமாகத் தெரியவில்லை.

வாசிக்கக் கொடுக்க ஏதாவது இருக்கிறவர்கள், அதற்குப் பெரிய மெஷின் வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். நாங்களும் இரண்டு வருசம் அப்படித்தான் தள்ளிப்போட்டோம். மேசையின் கீழ் கிடந்த ஒன்றே போதுமாயிருந்தது. இப்போது அந்த லப்டொப்பில் நாங்களும் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறோம், சிவப்பு மையில்: "நிப்பாட்டிப் போடாதேங்கோ, ஆரோ வாசிச்சுக்கொண்டிருக்கினம்."